ஆள் இல்லாத டிஸ்க்குக்கு மாதாமாதம் பணம்: ஏடபிள்யூஎஸ்ஸில் பழைய வால்யூம்களைக் களைவது எப்படி

அமேசானின் கிளவுட் சேவையான ஏடபிள்யூஎஸ்ஸின் பில் கையைக் கடிக்கிறது என்று யாராவது கூப்பிட்டால் நான் முதலில் சர்வர் பக்கம் போவதில்லை. காஸ்ட் எக்ஸ்ப்ளோரரைத் திறந்து, செலவை சர்வீஸ் வாரியாகப் பிரித்து, 'ஈசி2 அதர்' (ஈசி2 என்பது ஏடபிள்யூஎஸ்ஸின் வாடகை சர்வர்) என்ற வரி எங்கே இருக்கிறது என்று பார்ப்பேன். நான் சர்வர் பார்த்துக்கொள்ளும் ஒரு கோவை நிறுவனத்தில் மாதாமாதம் பில் கட்டும் அக்கவுண்ட்ஸ் மேடம் கேட்டார்: "தம்பி, சர்வருக்குத் தனியா ஒரு லைன் இருக்கு, டேட்டாபேஸுக்கும் இருக்கு. இந்த 'அதர்' யாரோட செலவு?" அதைத்தான் எல்லோரும் முதலில் கேட்க வேண்டும்.

சர்வரோடு இணைக்கும் இபிஎஸ் டிஸ்க்குகள் (ஏடபிள்யூஎஸ்ஸில் இவற்றுக்கு வால்யூம் என்று பெயர்), அவற்றின் ஸ்னாப்ஷாட்டுகள் (அந்தந்த நேரத்து நகல்கள்), நாட் கேட்வே (உள்ளே இருக்கும் சர்வர்களை இணையத்தோடு இணைப்பது), ஒரு அவைலபிளிட்டி ஜோனிலிருந்து (ரீஜன் எனும் வட்டாரத்துக்குள் உள்ள தனி டேட்டா சென்டர் பிரிவு) இன்னொன்றுக்குப் போகும் டேட்டா, எல்லாம் அந்த ஒரே வரிக்குள் கிடக்கும். அதை மட்டும் ஃபில்டரில் வைத்துக்கொண்டு, 'யூசேஜ் டைப்' வாரியாகப் பிரித்துப் பாருங்கள். 'வால்யூம் யூசேஜ்', 'ஸ்னாப்ஷாட் யூசேஜ்' என்ற சொற்கள் உள்ள வரிகள் தனித்தனியாக வரும். இந்தக் கட்டுரை அந்த இரண்டைப் பற்றித்தான். நாட் கேட்வே தனிக் கதை, இன்னொரு நாள் பார்க்கலாம்.

ஏன் பணம் போகிறது என்பது எளிது. இபிஎஸ்ஸில் நீங்கள் எவ்வளவு எழுதினீர்கள் என்று யாரும் பார்ப்பதில்லை, எவ்வளவு ஒதுக்கச் சொன்னீர்கள் என்பதற்குத்தான் பில். 500 ஜிபி கேட்டு வாங்கி அதில் 20 ஜிபி மட்டும் வைத்திருந்தாலும் 500 ஜிபிக்குக் கட்ட வேண்டும். சர்வரோடு சேர்ந்திருக்கிறதா, தனியாகக் கிடக்கிறதா என்பதும் கணக்கில் வராது. வீட்டைப் பூட்டிவிட்டு ஊருக்குப் போனாலும் வாடகை ஓடுகிற மாதிரிதான்.

விலையையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் வடக்கு வர்ஜீனியா ரீஜனில் ஜீபீ2 வகை டிஸ்க் ஒரு ஜிபிக்கு மாதம் 0.10 டாலர், ஜீபீ3 வகை 0.08 டாலர். (ஜிபி என்று எழுதினால் அளவு, ஜீபீ என்று எழுதினால் டிஸ்க்கின் வகை.) மும்பையில் கொஞ்சம் கூடுதல். ஆக, மறந்துபோன ஒரு 500 ஜிபி ஜீபீ2 டிஸ்க் மாதம் 50 டாலர், வருடத்துக்கு 600 டாலர். இந்தியாவில் பில் வந்தால் அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. ஐஓ1, ஐஓ2 வகை என்றால் இன்னும் மோசம்: ஜிபிக்கு 0.125 டாலர் போக, ஒதுக்கிய ஒவ்வொரு ஐஆப்ஸுக்கும் (நொடிக்கு எத்தனை முறை படிக்க, எழுத முடியும் என்ற அளவு) தனியாக மாதம் 0.065 டாலர். யாரும் தொடாத ஐஓ1 டிஸ்க்கில் 3000 ஐஆப்ஸ் ஒதுக்கியிருந்தால் அதற்கு மட்டும் மாதம் 195 டாலர் போய்க்கொண்டே இருக்கும்.

எப்படி அநாதையாகின்றன?

பெரும்பாலும் ஒரு செக்பாக்ஸ்தான் காரணம். சர்வரை டெர்மினேட் செய்யும்போது (அதாவது ஒரேயடியாக அழிக்கும்போது) அதன் ரூட் டிஸ்க் (ஆபரேட்டிங் சிஸ்டம் இருக்கும் டிஸ்க்) தானாகவே அழியும். 'டெலீட் ஆன் டெர்மினேஷன்' அதற்கு வழக்கமாக ஆன் ஆகியிருக்கும். பின்னால் நாம் சேர்க்கிற டேட்டா டிஸ்க்குக்கு அது ஆஃப். டேட்டா தவறுதலாகப் போய்விடக் கூடாது என்ற நல்ல எண்ணத்தில் வைத்தது. ஆனால் சர்வரை அழித்தவர் "வேலை முடிந்தது" என்று நினைத்துப் போய்விடுவார், டிஸ்க் அங்கேயே நிற்கும்.

இரண்டாவது காரணம் குபர்னெட்டிஸ், அதாவது கிளஸ்டர் எனும் சர்வர் கூட்டத்தில் ஆப்களை ஓட்டும் மென்பொருள். ஸ்டேட்ஃபுல்செட்டை (டேட்டாவைச் சேமிக்கும் ஆப்பை ஓட்டும் அமைப்பு) அழித்தால் அதன் பிவிசி (டிஸ்க் கேட்டுப் போடும் விண்ணப்பம்) வழக்கமாக அழிவதில்லை. ஸ்டோரேஜ் கிளாஸில் (டிஸ்க்கை எப்படி உருவாக்க வேண்டும் என்ற அமைப்பு) 'ரீட்டெயின்' என்று போட்டிருந்தால் பிவிசியையே அழித்தாலும் பின்னால் இருக்கும் இபிஎஸ் டிஸ்க் அழியாது. பிவிசிகளை முதலில் நீக்காமல் முழு கிளஸ்டரையே தூக்கிவிட்டால் எல்லா டிஸ்க்கும் நடுத்தெருவில். டெஸ்டிங்குக்காக அடிக்கடி கிளஸ்டர் போட்டு எடுக்கும் டீம்களில் இதைத்தான் நிறையப் பார்க்கிறேன்.

முதலில் பட்டியல்

ஒரு ரீஜனை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்தாதீர்கள். ஈசி2 கன்சோலில் 'குளோபல் வியூ' என்று ஒன்று உண்டு. எந்த ரீஜனில் எத்தனை வால்யூம் என்று ஒரே திரையில் காட்டும். யாரோ எப்போதோ ஒரு டுடோரியலைப் பார்த்து ஓரிகனில் போட்டுப் பார்த்த டிஸ்க் அங்கேதான் தலைகாட்டும்.

அப்புறம் ஒவ்வொரு ரீஜனிலும் வால்யூம்ஸ் பக்கத்துக்குப் போய், ஸ்டேட் 'அவைலபிள்' என்று ஃபில்டர் போடுங்கள். 'இன்-யூஸ்' என்றால் ஏதோ ஒரு சர்வரோடு இணைந்திருக்கிறது, 'அவைலபிள்' என்றால் எதோடும் இல்லை. கமாண்ட் லைன் பழக்கம் இருந்தால் டிஸ்கிரைப்-வால்யூம்ஸ் கட்டளைக்கு அதே ஃபில்டரைக் கொடுத்து வெளியீட்டை ஒரு ஷீட்டில் கொட்டிக்கொள்ளலாம். எனக்கு ஷீட்தான் பிடிக்கும். வால்யூம் ஐடி, அளவு, வகை, உருவான தேதி, எந்த ஸ்னாப்ஷாட்டிலிருந்து வந்தது, டேக் (டிஸ்க்கில் ஒட்டும் பெயர்ச்சீட்டு), கடைசியில் 'யாருடையது' என்று காலியான ஒரு கட்டம். அந்தக் கட்டத்தை நிரப்புவதுதான் மொத்த வேலையும். அழிப்பது இரண்டு கிளிக்.

ஒரு எச்சரிக்கை. 'அவைலபிள்' என்றாலே வேண்டாதது என்று அர்த்தம் இல்லை. குபர்னெட்டிஸில் ஒரு ஸ்டேட்ஃபுல்செட்டின் ரெப்ளிகாவை (ஓடும் பிரதிகளின் எண்ணிக்கை) யாராவது பூஜ்யத்துக்கு இறக்கியிருந்தால் அதன் டிஸ்க் கழன்று 'அவைலபிள்' ஆகிவிடும். மாதம் ஒருமுறை மட்டும் ஓடும் கிரான்ஜாபின் டிஸ்க்கும் மீதி நாளெல்லாம் அப்படித்தான் தெரியும். டெவ் கிளஸ்டரை ராத்திரியில் இறக்கிவைக்கும் ஆபீஸில் ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பட்டியல் எடுத்தால் பாதி டிஸ்க் அநாதை மாதிரியே இருக்கும். டிஸ்க்கின் பெயரில் 'டைனமிக்-பிவிசி' என்று வந்தாலோ, டேக்கில் பிவிசி பெயரும் நேம்ஸ்பேஸும் இருந்தாலோ, கிளஸ்டருக்குள் போய் பெர்சிஸ்டன்ட் வால்யூம் பட்டியலைப் பாருங்கள். 'பவுண்ட்' (ஒரு பிவிசியோடு கட்டப்பட்டிருக்கிறது) என்றால் கை வைக்காதீர்கள். 'ரிலீஸ்டு' (அதன் பிவிசி போய்விட்டது) என்றால் பேசலாம். பட்டியலிலேயே இல்லை, அல்லது அந்த கிளஸ்டரே இப்போது இல்லை என்றால் அநேகமாக அநாதைதான்.

யாருடையது என்று கண்டுபிடிப்பது

ஒரு டிஸ்க்கை எடுத்துக்கொள்வோம். 500 ஜிபி, ஜீபீ2, பெயர் கிடையாது, டேக் கிடையாது. இந்த வரிசையில் போவேன்.

முதலில் மானிட்டரிங் டேப். இபிஎஸ் டிஸ்க் ஏதாவது சர்வரோடு இணைந்திருக்கும்போது மட்டுமே கிளவுட்வாட்ச் எனும் கண்காணிப்பு சேவைக்குக் கணக்கு அனுப்பும். அதனால் கிராஃபின் காலத்தைப் பின்னோக்கி இழுத்துக்கொண்டே போனால், கோடு எந்தத் தேதியில் நிற்கிறதோ அன்றுதான் அது கடைசியாகக் கழற்றப்பட்டது. கிளவுட்வாட்ச் 15 மாதம் வரை வைத்திருக்கும். 15 மாதத்துக்கும் கோடே இல்லை என்றால் அதுவே பெரிய தகவல். இதை ஏன் முதலில் செய்யச் சொல்கிறேன் என்றால், உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க நீங்களே டிஸ்க்கை ஒரு சர்வரோடு இணைத்துவிட்டால் கிராஃபில் உங்கள் கோடும் சேர்ந்துவிடும். பிறகு பார்க்கிற ஆள் குழம்புவார்.

அடுத்து கிளவுட்டிரெயில், அதாவது யார் என்ன செய்தார் என்ற பதிவேடு. ஈவென்ட் ஹிஸ்டரியில் வால்யூம் ஐடியைப் போட்டுத் தேடினால் யார் உருவாக்கினார், யார் கழற்றினார் என்று யூசர் பெயரோடு வரும். ஆனால் 90 நாள்தான். அதற்கு முந்தையது வேண்டும் என்றால் ஆபீஸில் யாராவது டிரெயிலை எஸ்3 எனும் ஃபைல் சேமிப்பகத்தில் சேமிக்கச் சொல்லி வைத்திருக்க வேண்டும். சின்ன இடங்களில் அது அபூர்வம்.

மூன்றாவது, எந்த ஸ்னாப்ஷாட்டிலிருந்து உருவானது என்ற கட்டம். அந்த ஸ்னாப்ஷாட்டின் விவரத்தில் பழைய சர்வரின் பெயரோ எண்ணோ இருக்க வாய்ப்பு உண்டு. பாதிக்குப் பாதி அங்கேயே முடிச்சு அவிழும்.

அதிலும் தெரியவில்லை என்றால்தான் உள்ளே எட்டிப் பார்ப்பது. அதே அவைலபிளிட்டி ஜோனில் சின்னதாக ஒரு டி3 மைக்ரோ லினக்ஸ் சர்வர் போட்டு, டிஸ்க்கை அதோடு இணையுங்கள். ஜோன் வேறு என்றால் இணையாது. மவுன்ட் செய்யும் முன் (அதாவது உள்ளே இருக்கும் ஃபைல்களைப் பார்க்கும்படி திறக்கும் முன்) 'எல்எஸ்பிஎல்கே' கட்டளையை ஃபைல்சிஸ்டம் காட்டும் ஆப்ஷனோடு ஓட்டிப் பாருங்கள். மவுன்ட் செய்வது கண்டிப்பாக ரீட்-ஒன்லி. ஃபைல்சிஸ்டம் எக்ஸ்எஃப்எஸ் ஆக இருந்து 'ஒரே யுயுஐடி இரண்டு முறை இருக்கிறது' என்ற மாதிரி மவுன்ட் மறுத்தால் பயப்பட வேண்டாம். ஒரே ஏஎம்ஐயிலிருந்து (சர்வரை உருவாக்கப் பயன்படும் அச்சு நகல்) வந்த இரண்டு டிஸ்க்குக்கு ஒரே அடையாளம் இருக்கும். 'நோயுயுஐடி' ஆப்ஷனைச் சேர்த்தால் மவுன்ட் ஆகிவிடும்.

ஃபைல்சிஸ்டமே தெரியவில்லை என்றால் "காலி டிஸ்க்" என்று எழுதிவிடாதீர்கள். எல்விஎம்மில் நான்கு டிஸ்க்கைச் சேர்த்து ஒரே வால்யூம் ஆக்கியிருப்பார்கள், அல்லது ரெய்டு போட்டிருப்பார்கள்; அதில் ஒரு துண்டை மட்டும் பார்த்தால் உள்ளே இருப்பது எதுவும் படிக்க வராது. ஒரே அளவில், ஒரே நாளில், ஒரே நேரத்தில் உருவான இரண்டு மூன்று டிஸ்க் பட்டியலில் வரிசையாக இருந்தால் எனக்கு உடனே இந்தச் சந்தேகம்தான் வரும். அவற்றைச் சேர்த்தே ஒரு முடிவெடுக்க வேண்டும். ஒன்றை மட்டும் அழித்தால் மீதியும் குப்பையாகிவிடலாம்.

உள்ளே போனதும் நான் பார்ப்பது இரண்டே விஷயம்: கடைசியாக மாறிய ஃபைலின் தேதி, அப்புறம் மேல்மட்டத்து ஃபோல்டர் பெயர்கள். 'மைஎஸ்கியூஎல்' (டேட்டாபேஸ்) என்று ஒரு ஃபோல்டர் இருந்தால் விஷயம் வேறு, 'ஜென்கின்ஸ்' (கோடை பில்ட் செய்யும் கருவி) என்று இருந்தால் வேறு. பில்ட் சர்வரின் பழைய ஒர்க்ஸ்பேஸ் என்றால் யாரும் அழப் போவதில்லை.

இவ்வளவுக்குப் பிறகுதான் ஆட்களிடம் போவேன். ஆபீஸ் சாட்டான ஸ்லாக்கில் பொதுவாக "இந்த டிஸ்க் யாருடையது?" என்று கேட்டால் நாலு பேர் கண் எமோஜி போடுவார்கள், பதில் வராது. ஒருவரைப் பிடித்துக் கேட்க வேண்டும். அந்த 500 ஜிபிக்கு, வேலையை விட்டுப் போன ஒரு சீனியரின் நம்பரைத் தேடிப் பிடித்துக் கூப்பிட்டேன். "அண்ணே, பழைய ரிப்போர்ட்டிங் சர்வர் டிஸ்க் ஒண்ணு கிடக்கு, வேணுமா?" "அது இன்னுமா இருக்கு? அப்பவே எல்லாத்தையும் புது டேட்டாபேஸுக்கு மாத்தியாச்சுப்பா. தூக்கிடு." ஒரே நிமிடம். கிளவுட்டிரெயிலில் 90 நாளைத் தாண்டியது அவர் தலையில் பத்திரமாக இருந்தது.

அழிக்கும் முன்

பதில் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் நான் அன்றே அழிப்பதில்லை. டிஸ்க்கில் 'இந்தத் தேதிக்குப் பின் அழிக்கலாம்' என்று ஒரு டேக், 'முடிவு செய்தவர்' என்று இன்னொரு டேக். ஒரு மாத முடிவாவது நடுவில் கடந்து போகிற மாதிரி தேதியை வையுங்கள். மாதக் கடைசியில் மட்டும் தேவைப்படுகிற சமாச்சாரங்கள் அப்போதுதான் கத்தும். டிசம்பரில் செய்தால் மார்ச் மாதக் கணக்கு முடிப்பையும் யோசியுங்கள்.

அழித்த வால்யூமைத் திரும்பக் கொண்டுவரலாம் என்று நம்பி எதையும் செய்யாதீர்கள். அதனால் கடைசியாக ஒரு ஸ்னாப்ஷாட். இதில் ஒரு வசதி: ஸ்னாப்ஷாட்டுக்கு ஒதுக்கிய அளவுக்குப் பில் கிடையாது, டேட்டா இருக்கும் பிளாக்குகளுக்கு மட்டும்தான். வர்ஜீனியாவில் ஜிபிக்கு மாதம் 0.05 டாலர். 500 ஜிபி டிஸ்க்கில் 40 ஜிபிதான் எழுதியிருந்தார்கள் என்றால் மாதம் 50 டாலர் 2 டாலர் அளவுக்கு இறங்கிவிடும். ஸ்டேட்டஸ் 'கம்ப்ளீட்டட்' என்று வரும்வரை காத்திருந்து அப்புறம் வால்யூமை நீக்குங்கள்.

யாரும் கேட்க மாட்டார்கள், ஆனால் ஆடிட்டருக்காக வைத்திருக்க வேண்டும் என்றால் ஸ்னாப்ஷாட்டை ஆர்க்கைவ் அடுக்குக்கு நகர்த்தலாம். அங்கே ஜிபிக்கு 0.0125 டாலர். குறைந்தது 90 நாளுக்குக் கட்டியாக வேண்டும், திரும்ப எடுக்க ஜிபிக்கு 0.03 டாலர், எடுக்க 72 மணி நேரம் வரை ஆகலாம். தொடர் ஸ்னாப்ஷாட்டுகள் மாறிய பிளாக்குகளை மட்டும் வைத்திருக்கும்; ஆர்க்கைவுக்குப் போகும்போது அது முழு ஸ்னாப்ஷாட்டாக மாறிவிடும் என்பதால், தினமும் எடுக்கிற தொடர் பேக்கப்புக்கு இது லாபம் இல்லை. தனியாக நிற்கிற ஒற்றை ஸ்னாப்ஷாட்டுக்குத்தான்.

இரண்டு கண்ணிகள். டிஸ்க் என்கிரிப்ட் ஆகியிருந்தால் ஸ்னாப்ஷாட்டும் அதே கேஎம்எஸ் சாவியில்தான் (ஏடபிள்யூஎஸ்ஸில் வைத்திருக்கும் என்கிரிப்ஷன் சாவி) பூட்டியிருக்கும். "இந்தச் சாவியையும் யாரும் பயன்படுத்தவில்லையே" என்று மாதம் ஒரு டாலரை மிச்சம் பிடிக்க அதையும் அழித்தால், அந்த ஸ்னாப்ஷாட்டை இனி யாராலும் திறக்க முடியாது. இன்னொன்று டெராஃபார்ம், அதாவது கோடு எழுதி சர்வர், டிஸ்க் எல்லாம் உருவாக்கும் கருவி. கோடில் டிஸ்க் எழுதியிருக்க, நீங்கள் கன்சோலில் போய் அழித்தால், அந்தக் கோடை அடுத்த முறை ஓட்டும்போது (அப்ளை) புது டிஸ்க் பளிச்சென்று வந்து நிற்கும். கோடிலிருந்து எடுப்பதுதான் முறை.

நின்றுபோன சர்வர்கள்

'அவைலபிள்' ஃபில்டரில் சிக்காத ஒரு கூட்டம் உண்டு. ஸ்டாப் செய்து வைத்த சர்வரின் டிஸ்க் 'இன்-யூஸ்' என்றுதான் காட்டும். சர்வருக்குப் பில் இல்லை என்று நினைத்து வருடக்கணக்கில் விட்டு வைத்திருப்பார்கள்; டிஸ்க்குக்குப் பில் ஓடிக்கொண்டுதான் இருக்கும். இன்ஸ்டன்சஸ் பக்கத்தில் 'ஸ்டாப்டு' ஃபில்டர் போட்டு, எப்போது நிறுத்தினார்கள் என்று பார்த்து, ஏஎம்ஐ எடுத்துக்கொண்டு சர்வரை டெர்மினேட் செய்துவிடலாம். கம்ப்யூட் ஆப்டிமைசரை ஆன் செய்து வைத்தால் சும்மா இருக்கும் வால்யூம்களை அதுவே பட்டியலிடும். அதையும் பாருங்கள், ஆனால் அது சொன்னதற்காக மட்டும் அழிக்காதீர்கள். பவுண்ட் ஆன பிவிசி பற்றி அதற்குத் தெரியாது.

ஸ்னாப்ஷாட் குவியல்

சில கணக்குகளில் டிஸ்க்கை விட ஸ்னாப்ஷாட்தான் அதிகம் தின்னும். ஏஎம்ஐயை டீரெஜிஸ்டர் செய்தாலும் அதன் பின்னால் உள்ள ஸ்னாப்ஷாட்டைச் சேர்த்து நீக்கச் சொல்லாவிட்டால் அது அப்படியே இருக்கும். கண்டுபிடிக்க ஒரு வழி: ஏஎம்ஐ எடுத்தபோது உருவான ஸ்னாப்ஷாட்டின் விவரத்தில் 'கிரியேட்டட் பை கிரியேட்இமேஜ்' என்று தொடங்கி ஏஎம்ஐ எண் இருக்கும். அந்த எண்ணை ஏஎம்ஐ பக்கத்தில் தேடுங்கள். கிடைக்கவில்லை என்றால் அது அநாதை. இன்னும் உயிரோடு இருக்கும் ஏஎம்ஐயின் ஸ்னாப்ஷாட்டை ஏடபிள்யூஎஸ்ஸே அழிக்க விடாது, அதனால் தைரியமாகப் போகலாம்.

தொடர் பேக்கப்பில் பழைய ஸ்னாப்ஷாட்டை நீக்கினால் புதியது உடையுமோ என்று பயப்படுகிறவர்கள் நிறைய. உடையாது. வேறு ஸ்னாப்ஷாட்டுக்குத் தேவைப்படும் பிளாக்கை அது வைத்துக்கொள்ளும், தேவையில்லாததை மட்டும் விடும். அதே காரணத்தால் பத்தை அழித்தாலும் பில் எதிர்பார்த்த அளவுக்கு இறங்காமல் போகலாம். அழிக்கத் தொடங்கும் முன் ரீசைக்கிள் பின்னில் ஒரு விதி போட்டுவிடுங்கள்; அழித்த ஸ்னாப்ஷாட் நீங்கள் சொன்ன நாள்வரை அங்கே இருக்கும், திரும்ப எடுக்கலாம். அங்கே இருக்கும் நாளுக்கும் பில் உண்டு, அதனால் ஒரு வருடம் என்று போட்டுவிட்டு "ஏன் குறையவில்லை" என்று கேட்காதீர்கள்.

மிச்சமிருக்கும் டிஸ்க்குகளை ஜீபீ3 ஆக்குங்கள்

எதையும் அழிக்காமலே பில் குறைவது இங்கேதான். 2020 டிசம்பரில் ஜீபீ3 வந்தது. ஆனாலும் பழைய ஸ்கிரிப்டுகள் இன்னும் ஜீபீ2 டிஸ்க்கைத்தான் உருவாக்கிக்கொண்டிருக்கின்றன. மாடிஃபை வால்யூம் கொடுத்து வகையை மாற்றினால் போதும், சர்வரை நிறுத்த வேண்டியதில்லை. ஜிபிக்கு 20 சதவீதம் மிச்சம்.

கண்ணை மூடிக்கொண்டு மாற்றவும் வேண்டாம். ஜீபீ3-யில் எந்த அளவுக்கும் 3000 ஐஆப்ஸ், நொடிக்கு 125 எம்பி இலவசமாக வரும். ஜீபீ2-வில் ஒரு ஜிபிக்கு 3 ஐஆப்ஸ். ஆக 1000 ஜிபிக்கு மேல் உள்ள டிஸ்க்குக்கு ஏற்கனவே 3000-க்கு மேல் கிடைத்துக்கொண்டிருக்கும். வேகத்திலும், 334 ஜிபியும் அதற்கு மேலும் உள்ள ஜீபீ2 டிஸ்க் நொடிக்கு 250 எம்பி வரை போகும். டேட்டாபேஸ் டிஸ்க் என்றால் மாற்றும் திரையிலேயே இந்த எண்களைக் கையால் போடுங்கள். கூடுதல் 125 எம்பிக்கு, எம்பிக்கு 0.04 டாலர் வீதம் மாதம் 5 டாலர். அதைச் சேர்த்தும் 500 ஜிபி டிஸ்க் 50 டாலரிலிருந்து 45-க்கு வரும். டிஸ்க்கின் அளவைக் குறைக்க மட்டும் வழி கிடையாது. சின்னதாகப் புது டிஸ்க் போட்டு டேட்டாவை நகர்த்தத்தான் வேண்டும்.

மறுபடி சேராமல் இருக்க

டேக் இல்லாமல் வால்யூம் உருவாக்க முடியாதபடி ஐஏஎம் பாலிசியில் (யார் என்ன செய்யலாம் என்ற அனுமதி விதி) நிபந்தனை போடுங்கள். ஓனர் டேக் ஒன்று போதும், பத்து டேக் கேட்டால் எல்லோரும் எல்லாவற்றிலும் 'டெஸ்ட்' என்று எழுதுவார்கள். லாஞ்ச் டெம்ப்ளேட்டில் (சர்வர் உருவாக்கும் முன்வடிவம்) டேட்டா டிஸ்க்குக்கும் 'டெலீட் ஆன் டெர்மினேஷன்' ஆன் செய்துவிடுங்கள், டேட்டாபேஸ் சர்வர் நீங்கலாக. டெவ் கிளஸ்டரின் ஸ்டோரேஜ் கிளாஸில் 'டெலீட்', புரொடக்ஷனில் 'ரீட்டெயின்'. ஸ்னாப்ஷாட்டுக்கு டேட்டா லைஃப்சைக்கிள் மேனேஜரில் எத்தனை வைத்திருக்க வேண்டும் என்று எண்ணிக்கை கொடுத்துவிட்டால் பழையதை அதுவே கழித்துவிடும். லாம்டா (தானாக ஓடும் சின்ன நிரல்) எழுதி 'அவைலபிள்' ஆன டிஸ்க்கைத் தானாக அழிக்கிற வேலையை நான் எங்கேயும் வைப்பதில்லை. பட்டியலை மெயிலில் அனுப்பும் லாம்டா என்றால் தாராளமாக வைக்கலாம்.

மைக்ரோசாஃப்டின் கிளவுடான அஸூரில் விஎம்மை (சர்வரை) நீக்கினாலும் டிஸ்க் தங்கிப்போகும் இதே கதைதான். அங்கே 'அன்அட்டாச்டு' என்று தேடுங்கள். பெயர்கள் மாறும், வரிசை இதுவே.

பலனைப் பார்க்க அடுத்த மாத பில் வரை காத்திருக்க வேண்டியதில்லை. காஸ்ட் எக்ஸ்ப்ளோரரை 'டெய்லி'க்கு மாற்றி, அதே யூசேஜ் டைப் வரிகளை வைத்துக்கொண்டு, ஓரிரு நாள் கழித்துப் பாருங்கள். வால்யூம் வரி அழித்த நாளிலேயே படி மாதிரி இறங்கியிருக்கும். ஸ்னாப்ஷாட் வரி ரீசைக்கிள் பின்னின் கெடு முடிந்த பிறகுதான் இறங்கும்.